தேர்வும் குரலும்: அரசுப் பள்ளிக்கூடங்களில் சந்தை முறையும் ஊரார் நிர்வாகமும் – நெய்வேலியை முன்வைத்து

மே மாதம் வந்துவிட்டால் நெய்வேலியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: பிள்ளையை எங்கே சேர்ப்பது? அரசுப் பள்ளிக்கூடமா, உதவிபெறும் பள்ளிக்கூடமா, மெட்ரிக்கா, சி.பி.எஸ்.இ.யா? கட்டணம் எவ்வளவு, வேன் வருமா, ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார்களா என்று விசாரித்து முடிவெடுக்கிறோம். சேர்த்த பிறகு அந்தப் பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது, அதில் நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கேட்பவர்கள் மிகவும் குறைவு.

உலகம் முழுவதும் அரசுப் பள்ளிக்கூடங்களைச் சீர்திருத்துவதாகச் சொல்லி இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று சந்தை வழி: பெற்றோர் விரும்பிய பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும், அரசின் பணம் பிள்ளையோடு அங்கே போகட்டும், பள்ளிக்கூடங்கள் போட்டி போட்டுத் தரத்தை உயர்த்தட்டும். மற்றொன்று ஊரார் வழி: தலைநகரத்திலிருந்து உத்தரவு போடுவதை விட்டுவிட்டு, பெற்றோரும் உள்ளூர் மக்களும் பள்ளிக்கூடத்தை மேற்பார்வையிடட்டும். முதலாவது தருவது தேர்வு; இரண்டாவது தருவது குரல். இரண்டும் சேர்ந்தே பேசப்படுவதால் ஒன்று போலத் தோன்றுகின்றன. ஆனால் நடைமுறையில் ஒன்று மற்றொன்றைப் பலவீனப்படுத்தவும் கூடும். தமிழ்நாட்டில் இவை எந்த வடிவில் இருக்கின்றன, நம் குடும்பங்களுக்கு என்ன பொருள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

(நம் வீடுகளில் 'பள்ளி' என்றால் பள்ளிவாசலையும் குறிக்கும் என்பதால், இங்கே பெரும்பாலும் 'பள்ளிக்கூடம்' என்றே எழுதப்பட்டுள்ளது.)

உலகில் இந்த யோசனைகள் வந்த வழி

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1955இல் எழுதிய ஒரு கட்டுரையில் 'வவுச்சர்' யோசனையை முன்வைத்தார். அரசு கல்விக்குப் பணம் தரட்டும். பள்ளிக்கூடத்தை அரசே நடத்த வேண்டியதில்லை. பெற்றோரிடம் ஒரு சீட்டைக் கொடுத்தால் அவர்கள் விரும்பிய இடத்தில் பிள்ளையைச் சேர்ப்பார்கள் என்பது அவர் வாதம். இதை நாடு முழுவதும் முதலில் நடைமுறைப்படுத்தியவற்றுள் முக்கியமானது சிலி. அங்கே 1981இல் இராணுவ ஆட்சியின்போது பள்ளிக்கூடங்கள் நகராட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. தனியார் பள்ளிக்கூடங்களுக்கும் மாணவர் எண்ணிக்கைப்படி அரசுப் பணம் வழங்கப்பட்டது. ஸ்வீடன் 1992இல் இதே போன்ற முறைக்கு மாறியது.

இங்கிலாந்து 1988இல் கொண்டுவந்த கல்விச் சீர்திருத்தச் சட்டம் இரண்டு வழிகளையும் ஒன்றாகக் கட்டியது. பள்ளிக்கூட வரவு செலவு அந்தந்தப் பள்ளிக்கூட நிர்வாகக் குழுவிடம் வந்தது. பெற்றோர் விரும்பிய இடத்தில் சேர்க்கலாம் என்றானது. பிள்ளைகள் எண்ணிக்கைக்கு ஏற்ப நிதி பிரிந்தது. நியூசிலாந்து 1989இல் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் அறங்காவலர் குழுவை அமைத்தது.

இந்த அனுபவங்களில் இரண்டு பாடங்கள் தெளிவாகத் தெரிந்தன. சிலியில் கூடுதல் கட்டணம் கட்டக்கூடிய குடும்பங்கள் ஒரு பக்கமும், கட்ட முடியாதவர்கள் மறுபக்கமும் பிரிந்தார்கள். மாணவர்கள் பெரும் போராட்டங்கள் நடத்தினார்கள். கடைசியில் 2015இல் அரசுப் பணம் பெறும் பள்ளிக்கூடங்கள் மாணவரைப் பொறுக்கி எடுப்பதையும், லாபம் பார்ப்பதையும், பெற்றோரிடம் கூடுதல் கட்டணம் வாங்குவதையும் படிப்படியாக நிறுத்தச் சட்டம் வந்தது. நியூசிலாந்தில், கணக்கரும் வழக்கறிஞரும் பெற்றோராக இருந்த வசதியான பகுதிகளில் குழுக்கள் நன்றாக நடந்தன; ஏழைப் பகுதிகளில் குழுவை நடத்தத் தெரிந்தவர்கள் கிடைப்பதே சிரமமாக இருந்தது. அதிகாரத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் நேரமும் வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

நமக்கு இது புதிதல்ல

இவை மேலைநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. சென்னை மாகாணம் இரண்டையும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது.

1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கையை சார்லஸ் வுட் அனுப்பிய பிறகு, தனியாரும் ஊராரும் நடத்தும் பள்ளிக்கூடங்களுக்கு அரசு மானியம் தரும் முறை வேரூன்றியது. இன்று நாம் 'அரசு உதவிபெறும் பள்ளி' என்று சொல்வது அந்த மரத்தின் கிளைதான். பிறகு 'தேர்ச்சிக்கு ஏற்ப மானியம்' என்ற முறையும் வந்தது. ஆய்வாளர் வந்து பிள்ளைகளை வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்வார். எத்தனை பேர் தேறினார்களோ அதற்கேற்பப் பணம். முடிவு என்னவென்றால், பாடத்தைப் புரியவைப்பதை விட்டு ஒப்பிக்க வைப்பது வளர்ந்தது. 1904இல் கர்சன் பிரபு காலத்து அரசுத் தீர்மானமே இம்முறையைக் கைவிடச் சொன்னது.

உள்ளூர் நிர்வாகத்தின் கதையும் பழையது. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகளுக்குக் கல்வி வரி விதிக்கும் அதிகாரம் தந்தது. மாவட்ட, தாலுகா போர்டுகள் பள்ளிக்கூடங்களை நடத்தின. ஆனால் 'ஊரார்' என்ற சொல்லுக்குள் ஊரில் செல்வாக்கு உள்ளவர்கள்தான் அடங்கினார்கள். பல போர்டு பள்ளிக்கூடங்களில் ஆதிதிராவிடப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தார்கள்; அரசு ஆணையிட்டும் நிலை எளிதில் மாறவில்லை. அதனால் தொழிலாளர் நலத் துறை மூலம் தனிப் பள்ளிக்கூடங்களைத் திறக்க நேர்ந்தது. உள்ளூர் அதிகாரம் தானாகவே நீதியான அதிகாரமாகிவிடாது என்பதற்கு இது நம் மண்ணிலேயே உள்ள சான்று.

இதற்கு நேர் எதிரான நல்ல முன்மாதிரியும் உண்டு. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958 முதல் ஊர் ஊராக நடந்தன. நிலம், கட்டடம், பெஞ்சு, சீருடை என்று மக்கள் தந்தார்கள். மதிய உணவுத் திட்டமும் தொடக்கத்தில் ஊராரின் பங்களிப்போடுதான் நடந்தது. ஆசிரியர் நியமனமும் சம்பளமும் அரசின் பொறுப்பாகவே இருந்தன. ஊரார் அதற்கு மேல் சேர்த்தார்கள். அரசு செய்ய வேண்டியதை ஊரார் தலையில் கட்டவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

பிறகு ஊராட்சி ஒன்றியங்கள் தொடக்கப் பள்ளிகளை நடத்தின. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக்கப்பட்டார்கள். ஆசிரியர்களுக்கு அது பாதுகாப்பு தந்தது. ஆனால் பெயர்ப் பலகையில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்று இருந்தாலும், ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் இருந்த கயிறு தளர்ந்தது.

நெய்வேலி: தேர்வு உண்டு, குரல் எங்கே?

இந்தப் பின்னணியில் நெய்வேலியைப் பாருங்கள். 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் வேலைக்கு வந்தவர்களுக்காகக் காட்டையும் வயலையும் திருத்தி, வட்டம் வட்டமாக நகரியம் எழுந்தது. வீடு, சாலை, குடிநீர், மருத்துவமனையோடு பள்ளிக்கூடங்களையும் நிறுவனமே ஏற்படுத்தியது. தனியார், கிறிஸ்தவ சபை சார்ந்த பள்ளிக்கூடங்களும், கேந்திரிய வித்யாலயாவும் வந்தன. ஒரு சிறு நகரத்தில் இத்தனை வகைப் பள்ளிக்கூடங்கள் இருப்பது அபூர்வம். நிறுவனத்தின் நிரந்தர ஊழியருக்குத் தேர்வுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் நகரியம் என்பது நிறுவனத்தின் ஊர். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் நிறுவனத்தின் நகர நிர்வாக அலுவலகத்திடம்தான் முறையிட வேண்டும். நிறுவனப் பள்ளிக்கூடத்தைத் திறப்பது, இணைப்பது, மூடுவது எல்லாம் நிறுவனத்தின் முடிவு. பணி ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பற்றி நீண்டகாலம் கவலைப்படும் 'ஊரார்' என்ற கூட்டம் அங்கே உருவாவதே கடினம்.

நகரியத்தின் எல்லையைத் தாண்டினால் நிலை தலைகீழ். வடக்குத்து, மந்தாரக்குப்பம் பக்கம் போனால் ஒப்பந்தத் தொழிலாளர்கள், சிறு கடை வைத்திருப்பவர்கள், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து இடம்பெயர்ந்த குடும்பங்கள். இவர்களில் பலருக்கு மெட்ரிக் கட்டணம் எட்டாது. பக்கத்து அரசுப் பள்ளிக்கூடமே வழி. ஆனால் சட்டப்படி அதிகக் குரல் உள்ள பெற்றோர்கள் இவர்கள்தான். அரசுப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள மேலாண்மைக் குழு கட்டாயம். ஊராட்சியாக இருந்தால் கிராம சபையும் உண்டு. உதவிபெறாத தனியார் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு குழுவைக் கல்வி உரிமைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை.

ஆக, தேர்வு உள்ளவர்களுக்குக் குரல் குறைவு. குரல் உள்ளவர்களுக்குத் தேர்வு குறைவு. குரல் இருந்தும் அதை எழுப்பாமல் இருப்பதுதான் இன்றைய பெரிய இழப்பு.

சந்தை அறிவிக்காமலே வந்தது

தமிழ்நாட்டில் எந்த அரசும் 'பள்ளிக்கூடங்களைச் சந்தைக்கு விடுகிறோம்' என்று அறிவிக்கவில்லை. ஆனால் ஆங்கில வழிக்காகப் பெற்றோர் மெட்ரிக் பக்கம் நகர்ந்ததும், அரசு பின்தொடர்ந்து பல காரியங்களைச் செய்ய வேண்டி வந்தது.

2009இல் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. நீதிபதி கோவிந்தராஜன் குழு 2010இல் பள்ளிக்கூடம் வாரியாகக் கட்டணம் நிர்ணயித்தது. 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்து, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் எல்லா வகுப்புகளுக்கும் விரிந்தது. அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக்குக்கும் ஒரே பாடத்திட்டமானது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. 2019இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கின. போட்டியாளர் வைத்திருக்கும் சரக்கைத் தானும் வைப்பதுபோல அரசு நடந்துகொண்டது.

அண்மைக் காலத்தில் அரசுப் பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுப்பவருக்குத் தனிப் பலன்களும் வந்துள்ளன. 2020இல் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. உயர்கல்வி படிக்கும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் சென்றது.

இவ்வளவுக்குப் பின்னும் ஒரு சுழல் ஓடிக்கொண்டே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் 'உபரி' ஆகிறார். பணி நிரவலில் வேறு ஊருக்குப் போகிறார். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும்போது இன்னும் சில பெற்றோர் பிள்ளையை மாற்றுகிறார்கள். முதலில் மாற்றுவது யார்? ஓரளவு படித்த, கேள்வி கேட்கத் தெரிந்த, கொஞ்சம் வசதியுள்ள பெற்றோர். பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில் இதைத்தான் விளக்கினார்: தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுபவர்கள் முதலில் வெளியேறினால், உள்ளே இருந்து சரிசெய்யச் சொல்லும் குரலும் அவர்களோடு வெளியேறிவிடுகிறது. கடையாக இருந்தால் வாடிக்கையாளர் போனதும் கடைக்காரர் திருந்துவார் அல்லது மூடுவார். பள்ளிக்கூடத்தில் மீதமுள்ள பிள்ளைகளே அதன் விலையைக் கொடுக்கிறார்கள்.

25 விழுக்காடு இடம்: நம் ஊரின் வவுச்சர்

இந்தியாவில் வவுச்சருக்கு மிக நெருக்கமான ஏற்பாடு, கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 12(1)(சி) பிரிவு. சிறுபான்மை அல்லாத, உதவிபெறாத தனியார் பள்ளிக்கூடங்கள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்க வேண்டும். 8ஆம் வகுப்பு வரை கட்டணத்தை அரசு ஈடுசெய்யும். ஒரு பிள்ளைக்கு அரசு செலவிடும் தொகை, பள்ளிக்கூடம் வாங்கும் கட்டணம் இவற்றில் எது குறைவோ அதுவே தரப்படும். தமிழ்நாட்டில் நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருவதால், சாதிச் சான்றிதழைக் கொண்டு விண்ணப்பிக்கலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் குடும்பங்கள் மூன்று விஷயங்களை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். முதலாவது, இலவசம் 8ஆம் வகுப்போடு முடிகிறது. 9ஆம் வகுப்பில் முழுக் கட்டணமும் நம் தலையில் விழும். இரண்டாவது, வேன், சீருடை, நிகழ்ச்சிகள் என்று பல செலவுகள் கணக்கில் வராமல் நம்மிடமே வந்து நிற்கும். மூன்றாவது, அரசுப் பணம் தாமதித்தால் பிள்ளை நடுவில் மாட்டும். 2025-26இல் ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான கல்வி நிதித் தகராறால் இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. நிதி வராத வவுச்சர் வெறும் தாள்தான்.

இன்னொரு தகவலும் பலருக்குத் தெரியாது. 25 விழுக்காட்டில் தனியாரிடம் 8 வரை படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளிக்கூடத்தில் படித்தவரும் மருத்துவத்துக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்குத் தகுதி பெறுகிறார். 8ஆம் வகுப்புக்குப் பின் கட்டணம் கட்ட முடியாத குடும்பம் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

தனியாருக்கு மாற்றினால் பிள்ளை உண்மையிலேயே அதிகம் கற்கிறதா? ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தில் 2008 முதல் 180 கிராமங்களில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் இதைச் சோதித்தார்கள். குலுக்கலில் வவுச்சர் கிடைத்துத் தனியாரில் சேர்ந்த பிள்ளைகளை, கிடைக்காத பிள்ளைகளோடு நான்கு ஆண்டுகள் ஒப்பிட்டார்கள். தெலுங்கிலும் கணக்கிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்தியில் தனியார் பிள்ளைகள் முன்னே நின்றார்கள். அதேவேளை தனியார் பள்ளிக்கூடம் ஒரு பிள்ளைக்குச் செலவிட்டது அரசு செலவிடுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சிக்கனத்தின் பெரும்பகுதி ஆசிரியரின் குறைந்த சம்பளத்திலிருந்து வருகிறது. பி.எட். முடித்துவிட்டு அந்தச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களில் நம் வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பள்ளி மேலாண்மைக் குழு: சட்டம் தரும் குரல்

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளிக்கூடங்களில் மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்குகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள்; நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுகளின் பெற்றோருக்கு அவர்கள் விகிதப்படி இடம். போர்டு பள்ளிக்கூட காலத்து அநீதி திரும்பாமல் இருக்கச் சட்டம் போட்ட வேலி இது. பள்ளிக்கூடம் நடப்பதைக் கண்காணிப்பது, வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது இதன் பணிகள்.

பல ஆண்டுகள் இக்குழுக்கள் கையெழுத்துப் போடும் பதிவேடாகவே இருந்தன. 2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுவதும் பெற்றோர் கூட்டம் நடத்தி, தமிழக அரசு இவற்றை மறுகட்டமைத்தது. 20 பேர் கொண்ட குழுவில் 15 பேர் பெற்றோர். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். பதவிக்காலம் 2 ஆண்டுகள். கூட்டம் பெரும்பாலும் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. ஜும்ஆ முடிந்து வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனாலும் நேரம் இருக்கும். தாய்மார்கள் கலந்துகொள்ளவும் ஏற்ற நேரம்.

இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. 2022இல் காலியாக இருந்த 13,331 ஆசிரியர் இடங்களை இக்குழுக்கள் மூலம் தற்காலிகமாக நிரப்ப அரசு முடிவு செய்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. தகுதித் தேர்வு எழுதிக் காத்திருந்தவர்கள் எதிர்த்தார்கள். வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. வகுப்பில் ஆசிரியரே இல்லாமல் இருப்பதைவிடத் தற்காலிக ஆசிரியர் மேல் என்பது உண்மை. ஆனால் ஊரார் அதிகாரம் என்ற பெயரில் மலிவான நியமனம் பழக்கமாகிவிட்டால், சந்தை முறையின் குறை ஊரார் முறைக்குள்ளும் புகுந்துவிடும். காமராசர் காலத்து அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும்: அரசின் கடமைக்கு மேல் ஊரார் சேர்க்கலாம், அரசின் கடமைக்குப் பதிலாக அல்ல.

சிறுபான்மைப் பள்ளிக்கூடங்களின் நிலை

ஊரார் நடத்த, அரசு உதவும் பள்ளிக்கூடங்கள் நம் சமுதாயத்துக்குப் பழக்கமானவை. ஆம்பூர், வாணியம்பாடி முதல் தென்மாவட்டங்கள் வரை ஜமாஅத்துகளும் கல்விச் சங்கங்களும் நடத்தும் பள்ளிக்கூடங்களில் தலைமுறைகள் படித்துள்ளன. அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு இந்த உரிமையைத் தருகிறது.

கல்வி உரிமைச் சட்டம் இவற்றை எப்படித் தொடுகிறது? 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உதவிபெறாத சிறுபான்மைப் பள்ளிக்கூடங்களுக்கு விலக்களித்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் விலக்கியதோடு, சிறுபான்மை, உதவிபெறும் பள்ளிக்கூடங்களில் மேலாண்மைக் குழு ஆலோசனை மட்டுமே வழங்கும் என்றது. 2014 மே மாதம் 'பிரமதி' வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, உதவிபெறும் சிறுபான்மைப் பள்ளிக்கூடங்களுக்கும் சட்டம் பொருந்தாது என்றது. 2025 செப்டம்பர் 1 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பின் சரித்தன்மையில் ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்குப் பரிந்துரைத்தது.

இந்த விலக்கு அந்நியத் தலையீட்டிலிருந்து காக்கும் கவசம். பெற்றோரின் கேள்வியிலிருந்து தப்பிக்கும் திரையாக அது மாறிவிடக் கூடாது. ஜமாஅத் நடத்தும் பள்ளிக்கூடத்தில் தாய்மார்களும் உள்ள பெற்றோர் குழு இருக்கிறதா? ஆண்டுக் கணக்கு பெற்றோர் முன் வைக்கப்படுகிறதா? ஏழைப் பிள்ளைக்கு எத்தனை இடம் என்று அறிவிக்கப்படுகிறதா? சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் இவை அமானிதம் சார்ந்த கேள்விகள்.

குடும்பங்கள் செய்யக்கூடியவை

1. சேர்ப்பதற்கு முன் நிர்வாக வகையைக் கேளுங்கள். 'அரசு', 'அரசு உதவிபெறும்', 'உதவிபெறாத தனியார்' இவற்றில் எது என்பதைத் தலைமையாசிரியரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு உதவிபெறும் பள்ளி மாணவருக்கு இல்லை. புதுமைப் பெண் திட்டமோ 2024 முதல் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மாணவியருக்கும் உண்டு. நெய்வேலி போல நிறுவனப் பள்ளிக்கூடங்களும் உள்ள ஊரில் இந்தக் கேள்வி மிக முக்கியம்.

2. நுழைவுத் தேர்வோ பெற்றோர் நேர்காணலோ வைத்தால் அது சட்டமீறல் என்று அறியுங்கள். 13ஆம் பிரிவு இதைத் தடை செய்கிறது. முதல் முறை 25,000 ரூபாய், அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். நன்கொடை கேட்டால் அந்தத் தொகையின் பத்து மடங்கு வரை அபராதம்.

3. மேலாண்மைக் குழு மறுகட்டமைப்பு அறிவிப்பு வந்தால் உங்கள் பெயரைக் கொடுங்கள். முஸ்லிம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு முஸ்லிம் தாயாவது குழுவில் இருக்க மஹல்லா ஜமாஅத் ஊக்கப்படுத்தலாம். மற்ற சமுதாயப் பெற்றோரோடு சேர்ந்து உட்கார்ந்து பேசும் இடமும் அதுதான்.

4. குழுவில் பொதுவாகக் குறை சொல்லாமல், எண்ணிக் கேளுங்கள். எத்தனை பிள்ளைகள், அட்டவணைப்படி எத்தனை ஆசிரியர்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள்? பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வரும் கழிப்பறை உண்டா? பள்ளி மானியம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது? கேள்வியும் பதிலும் தீர்மானப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

5. தீர்மானத்தை மேலே கொண்டுபோங்கள். ஊராட்சிப் பகுதியில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. குழுவின் தீர்மானத்தை அங்கே வாசித்து, கிராம சபைத் தீர்மானமாக்கி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பலாம்.

6. நிறுவன நிதியைத் தீர்மானத்தோடு கேளுங்கள். கம்பெனிச் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவுப்படி, வரம்புக்கு மேல் லாபமுள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். மாநில அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் 2022 டிசம்பர் முதல் இப்படிப்பட்ட உதவிகளுக்கு வழி செய்கிறது. சுரங்கத்துக்கு நிலம் தந்த ஊரின் பள்ளிக்கூடம், என்ன வேண்டும் என்று பெற்றோர் கூடி முடிவெடுத்து எழுதிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

7. தனியாரில் படிக்க வைப்பவர்களும் கட்டணக் குழு நிர்ணயித்த தொகையைக் கேட்டு, ரசீது வாங்குங்கள். பிள்ளை அரசுப் பள்ளிக்கூடத்தில் இல்லாவிட்டாலும், அங்கே படித்த முன்னாள் மாணவராகக் குழுவுக்கு உதவ உங்களுக்கு இடம் உண்டு.

பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பது ஒவ்வொரு குடும்பத்தின் உரிமை. மெட்ரிக்கில் சேர்த்தவரைக் குற்றம் சொல்ல யாருக்கும் தகுதியில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தை மாற்றிக்கொள்ளும் வசதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மாற்ற முடியாத பிள்ளைக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, அதன் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்கும் பெரியவர்கள் நாலு பேர் ஊரில் இருப்பதுதான். மேலாண்மைக் குழுவில் காலியாகக் கிடக்கும் நாற்காலி அவர்களுக்கானது. அடுத்த கூட்டத்தில், இன்ஷா அல்லாஹ், அதில் நம்மில் ஒருவர் உட்காரட்டும்.